மின்சார வண்டியின் பாட்டரி: வாங்குவோர் அறிய வேண்டியவை

சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகர்க் கடைத்தெருவிலும், அடையாற்றிலும் ஓசையின்றிச் செல்லும் மின்சார ஸ்கூட்டர்களை இன்று எங்கும் காணலாம். அவை நம் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. பால் ஊற்றுவோரும் காய்கறி விற்போரும் பட்டணத்திற்குச் சென்று வண்டி வாங்கி வருகின்றனர். பெட்ரோல் செலவு மிச்சமாவது உண்மையே. ஆயின் பாட்டரி பழுதுற்றால் வண்டி திண்ணையோரம் நின்றுவிடுகிறது; வாங்கிய கடையோ தொலைவில் உள்ளது. இந்நிலையில் செய்யத்தக்கது யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

பாட்டரியின் இயல்பு

வண்டி விலையில் கணிசமான பகுதி பாட்டரியின் விலையாகும். அதனுள் லித்தியம் மின்கலங்கள் பல இணைக்கப்பட்டுள்ளன. அவற்றின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணித்து, அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்டுப்பாட்டுப் பலகையும் உண்டு. நாளடைவில் பாட்டரியின் கொள்திறன் சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. புதிதில் 80 கிலோமீட்டர் ஓடிய வண்டி சில ஆண்டுகளுக்குப் பின் 65 கிலோமீட்டர் ஓடினால் அது குற்றமன்று. சில மாதங்களிலேயே ஓட்டம் பாதியாகிவிட்டால் அது குறைபாடே ஆகும்.

வெப்பமும் நீரும் பாட்டரியின் பகைவர். 2022 மார்ச்சு மாதம் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட வண்டி தீப்பற்றியது; புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துக்களுக்குப் பின், 2022 டிசம்பர் முதல் பாட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசாங்கம் படிப்படியாகக் கடுமையாக்கியது. எனவே அதற்கு முன் செய்யப்பட்ட பழைய வண்டியை வாங்குவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

கையாளும் முறை

1. ஓட்டி வந்தவுடன் மின்னேற்றம் செய்யலாகாது. பாட்டரியின் சூடு தணியட்டும்.

2. வண்டியுடன் தந்த சார்ஜரையே உபயோகிக்க வேண்டும். 48 வோல்ட் பாட்டரிக்கு 60 வோல்ட் சார்ஜரை இணைப்பது ஆபத்தாகும்.

3. படுக்கையறையிலும், வாயிற்படியை அடைத்தவாறும், வைக்கோற்போரின் அருகிலும் மின்னேற்றம் கூடாது. எர்த் கம்பி இணைத்த பிளக்கே ஏற்றது.

4. பம்புசெட்டிற்கு அளிக்கப்பட்ட இலவச மின் இணைப்பு விவசாயத்திற்கு மட்டுமே உரியது. அதிலிருந்து வண்டிக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறலாகும்.

5. பாட்டரி வீங்கினாலோ, துர்நாற்றம் வீசினாலோ உபயோகத்தை நிறுத்துக. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது சென்னைத் தெருக்களில் வண்டிகள் பல நீரில் நின்றன. அவ்வாறு மூழ்கிய வண்டி வெளியே உலர்ந்து காணப்படினும், பரிசோதிக்காமல் மின்னேற்றம் செய்யலாகாது. உட்புகுந்த நீர் பல நாள் கழித்தும் தீ விளைவிக்கக்கூடும்.

முறையிடும் வழி

வாங்கும்போதே உத்தரவாதச் சீட்டைப் படித்தறிய வேண்டும். எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்திறன் எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவர், பழுதுபார்க்கும் நிலையம் அருகில் எங்குள்ளது என்பவற்றைக் கேட்டுக்கொள்க. பழுதுற்றபின் வாய்மொழியாக முறையிடுவது போதாது. நிலையத்தில் வண்டியை விடும் நாளன்றே, குறையை எழுதிய ரசீதைப் பெறுதல் வேண்டும்.

பலனில்லையேல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தைப் பற்றி இவ்வழியே ஓராண்டில் 10,644 புகார்கள் வந்ததையடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்நிறுவனத்திடம் விளக்கம் கோரியது. பெரும்பாலான புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. தனி ஒருவரின் புகார் சிறிதெனினும், பலருடையது சேரும்போது வலிமை பெறுகிறது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தியாகராய நகரில் வண்டி வாங்கிய செங்கல்பட்டு விவசாயி இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் வைப்பது கட்டாயமன்று. பொருளின் விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமுமில்லை. ஆயின் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிந்த பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சார்ந்தது. அவற்றைக் குப்பையோடு கொளுத்தாமலும், குளக்கரையில் எறியாமலும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கூறிய செய்திகளைக் கிராம சபையில் எடுத்துரைத்து, எழுதத் தெரியாதோர்க்குப் புகார் எழுதி உதவுவதும் நற்பணியாகும். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி திண்ணையில் துருப்பிடிக்காதிருக்க, ரசீதைப் பத்திரப்படுத்துவதே முதற்படி என்பதை நாம் மறவாதிருப்போமாக.