கணக்குக் கொப்பி யார் கையில்? பதுளையின் கடைகளும் தோட்டங்களும் மேகக்கணிமைச் செயலிகளும்

ஊவா மாகாணத்தின் தோட்டச் சந்திகளில் நடப்பது பெரும்பாலும் கொப்பி வியாபாரம். பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை, பண்டாரவளை என்று எந்தச் சந்திக்குப் போனாலும் மளிகைக் கடையின் மேசையில் நீளமான ஒரு கொப்பி இருக்கும். தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவரை அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் அந்தக் கொப்பியில்தான் ஏறும். கடைக்காரரின் முதல் பெட்டியில் இல்லை, கொப்பியில் இருக்கிறது. கொப்பி போனால் கடை போன மாதிரித்தான்.

அப்படிப் போன வரலாறும் இந்த மண்ணில் உண்டு. 1983 யூலை 27 அன்று பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. கடை எரிந்தபோது கொப்பியும் எரிந்தது. யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாத வியாபாரி, கையிலும் மனதிலும் எதுவுமில்லாமல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களில் பலர், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் அதையே மறுபடியும் அனுபவித்தார்கள்.

நெருப்பு மட்டும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. மலை சரியும்போது ஆட்களைக் காப்பாற்றவே நேரம் போதாது. கொப்பியை யார் எடுப்பது?

சில வருடங்களாகப் பதுளைப் பக்கத்துச் சிறு வியாபாரிகள் சிலருக்குக் கையடக்கத் தொலைபேசியில் கணக்கு வைக்கப் பழக்கி வருகிறேன். எல்லோரும் கேட்பது மூன்று கேள்விகள்தான். "கணக்கு எங்க போய் இருக்கு?", "சிக்னல் இல்லாட்டி என்ன செய்றது?", "வேற ஆள் பாத்துட்டா?" இந்தக் கட்டுரை அந்த மூன்றுக்குமான பதில்.

கணக்கு எங்கே போய் இருக்கிறது?

மேகக்கணிமை என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நமது தொலைபேசியில் நாம் எழுதுவது இணையம் வழியாக ஒரு கம்பனியின் கணினிக்கும் போய்ச் சேர்கிறது. அந்தக் கணினி பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும். ஒரே தகவலை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதியெடுத்து வைப்பதுதான் இத்தகைய சேவைகளின் வழக்கம். தொலைபேசி தண்ணீரில் விழுந்தாலும், திருட்டுப் போனாலும், வேறொரு தொலைபேசியில் நமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் கணக்கு திரும்ப வந்துவிடும். தொலைபேசிக்குள் மட்டும் சேமிக்கும் செயலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். முதலாவது கொப்பியைப் போன்றது; தொலைந்தால் தொலைந்ததுதான். இரண்டாவதற்கு வெளியூரில் ஒரு பிரதி இருக்கிறது.

இது நமக்குப் புதியதும் அல்ல. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், வாங்குபவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி விலை கூவும் முறையில்தான் நடந்து வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது சில வாரங்களுக்குள் அது இணையத்துக்கு மாறியது. ஊவாவின் தேயிலையும் அந்த ஏலத்தில்தான் விற்கப்படுகிறது. ஆக, தோட்டத்துக் கொழுந்து ஏற்கெனவே மேகக்கணிமையில் ஏறிவிட்டது. அதைப் பறிக்கிறவர்களின் கணக்கும், அவர்களுக்கு அரிசி விற்கிறவரின் கணக்கும்தான் பின்னால் நிற்கின்றன.

இத்தகைய மென்பொருள் பெரிய நகரங்களில்தான் உருவாகும் என்றும் இல்லை. வணிகக் கணக்குச் செயலிகளை உலகம் முழுவதும் விற்கும் சோஹோ நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டின் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் இருக்கிறது.

சந்திக் கடைக்கு என்ன இலாபம்?

முதல் இலாபம், தகராறு குறைவது. கடன் கொடுத்த அன்றே பொருள், தொகை, திகதி மூன்றையும் பதிந்து, வாங்கியவருக்கு வட்ஸ்அப்பிலோ எஸ்.எம்.எஸ்ஸிலோ ஒரு வரி அனுப்பினால், 10ஆம் திகதி வரும்போது "நான் எப்ப வாங்குனேன்?" என்ற பேச்சு வராது. இது கடைக்காரருக்கு மட்டும் அல்ல, வாங்குபவருக்கும் பாதுகாப்பு. கொப்பி ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது எழுதுவதும் திருத்துவதும் அவர் விருப்பம். பிரதி இருவரிடமும் இருந்தால் இருவரும் சமம்.

இரண்டாவது, கையிருப்பு. எந்தச் சாமான் எத்தனை நாளில் முடிகிறது என்று செயலி சொல்லும்போது, பதுளைக்கு லொறி பிடித்துப் போகும் தடவைகளைக் குறைக்கலாம்.

மூன்றாவது, தூரத்தில் இருந்து பார்க்க முடிவது. இங்குள்ள பல கடைகளுக்கு முதல் போட்டவர்கள் கொழும்பிலோ, மத்திய கிழக்கிலோ, கனடாவிலோ இருக்கும் பிள்ளைகளும் சகோதரர்களும்தான். அவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கலாம், திருத்தும் அனுமதியைக் கடையில் நிற்பவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதைத் தொடங்கும் முன் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நாள் இரவும் வெளிநாட்டிலிருந்து கேள்வி வந்தால் கடையில் நிற்பவருக்கு வெறுத்துவிடும்.

இதற்கெல்லாம் விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸில் நான்கு நிரல் போட்டாலே ஒரு கடன் கொப்பி தயார். கூகுள் கணக்குடன் 15 ஜிகாபைட் இடம் இலவசம். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள கணக்குக்கு அது வருடக்கணக்கில் போதும். யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற வரலாறும் அதில் பதிவாகும். பற்றுச்சீட்டு அடிக்க வேண்டிய கடைகளுக்கு லொய்வர்ஸ் போன்ற இலவச விற்பனைச் செயலிகள் உண்டு. பணம் வாங்குவதற்கு இலங்கை மத்திய வங்கி அறிமுகப்படுத்திய லங்கா கியூஆர் இருக்கிறது. அதற்குச் செயலி உள்ள வங்கி எதுவானாலும் வாடிக்கையாளர் ஒரே சதுரத்தைப் படம் பிடித்துப் பணம் செலுத்தலாம்.

சிக்னல் இல்லாத மலையில்

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வளைவில் நாலு கோடு சிக்னல், அடுத்த வளைவில் ஒன்றும் இல்லை. அதனால் செயலியைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, இணையம் இல்லாமலும் எழுத முடியுமா என்பதைத்தான். நல்ல செயலி முதலில் தொலைபேசிக்குள் எழுதிக்கொள்ளும். சிக்னல் வந்ததும் தானாக மேலே அனுப்பும். கூகுள் ஷீட்ஸில் அந்தந்தக் கோப்பை இணையமின்றியும் கிடைக்குமாறு முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே போய்ச் சேராத கணக்கு இன்னும் தொலைபேசிக்குள்தான் இருக்கிறது. டித்வாவின்போது மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் சேர்ந்தே துண்டிக்கப்பட்டன. ஆகவே மழைக்கால எச்சரிக்கை வந்தவுடன் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் ஒரு முறை கணக்கை ஏற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை, சம்பளக் கணக்கு தீர்ந்ததும், நிலுவைப் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து வைப்பதும் நல்லது. கொப்பியை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

எல்லவும் வெலிமடையும்

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒரே அறையை இரண்டு இணையத்தளங்களில் போட்டுவிட்டு, ஒரே இரவுக்கு இருவரிடம் முற்பணம் வாங்கினால் பெயர் கெட்டுப்போகும். இரண்டு தளங்களின் நாட்காட்டிகளையும் இணைத்துவிட்டால், ஒன்றில் பதிவானது மற்றதிலும் அடைபடும்.

வெலிமடை, கெப்பெட்டிபொல பக்கம் மரக்கறி செய்பவர்களுக்கு லாபம் வேறு விதம். லொறியில் ஏற்றிய கிலோ, அங்கே சொன்ன விலை, வந்த பணம் மூன்றையும் ஒரு வருடம் தொடர்ந்து பதிந்தால், எந்தத் தரகர் எப்போது எவ்வளவு கழித்தார் என்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை பேரம் பேசும்போது அதுதான் பலம்.

மடுவத்துத் தராசு

இந்த விடயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தோட்டத்தின் கொழுந்து மடுவம்தான். சில பெருந்தோட்டக் கம்பனிகள் மின்னணுத் தராசுகளைக் கொண்டு வந்திருக்கின்றன. தொழிலாளியின் அட்டையைக் காட்டினால், நிறை நேரே தோட்ட அலுவலகத்தின் கணக்குக்குப் போகிறது. செக்ரோல் எழுதும் வேலை குறைகிறது, கூட்டல் பிழை குறைகிறது, சம்பளச் சீட்டு விரைவாகத் தயாராகிறது. இவை கம்பனிக்கு உண்மையான இலாபங்கள்.

தொழிலாளிக்கு என்ன இலாபம்? சாக்குக்கு, தண்ணீருக்கு என்று கிலோக் கழிப்பது தோட்டங்களில் பழைய குறை. குறித்த அளவு கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர்தான் விழும். அப்படியானால் இரண்டு கிலோக் கழிவு ஒரு குடும்பத்தின் அரை நாள் கூலியைத் தீர்மானிக்கக்கூடும். தராசு கணினியோடு பேசுகிறது, ஆனால் கொழுந்து எடுத்த பெண்ணோடு பேசவில்லை என்றால், கணக்கப்பிள்ளையின் கொப்பி அலுவலகத்தின் கணினியாக மாறியது மட்டும்தான் நடந்தது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மொத்த நிறை, கழிவு, மீதி நிறை என்ற மூன்று எண்களைத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியாக ஒவ்வொரு நிறுவையின் பின்னும் அனுப்பலாம். தொலைபேசி இல்லாதவருக்கு ஒரு சிறு சீட்டு. தரவு ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதைக் கீழேயும் இறக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியாள் உற்பத்தி முறையில் நிலத்தைப் பராமரித்துக் கொழுந்து கொடுக்கும் குடும்பங்களுக்கும், தொழிற்சாலைக்குக் கொழுந்து விற்கும் சிறுதோட்ட உடைமையாளர்களுக்கும் இதே தேவை உண்டு. தொழிற்சங்கங்கள் கூலியைப் பற்றிப் பேசும் மேசையில் இந்தக் குறுஞ்செய்தியையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம்.

வேறு ஆள் பார்த்துவிட்டால்?

யார் யாருக்குக் கடன் என்பது ஓர் ஊரின் உள்விடயம். பட்டியல்களில் பெயர் இருந்ததற்காக அவதிப்பட்ட மக்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயமானது. எனவே தேவைக்கு மேல் எழுதாதீர்கள். கடன் கணக்குக்குப் பெயரும் தொகையும் போதும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரின் தகவலைச் சேர்ப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்கிறது. அந்தப் பொறுப்பைச் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அயலவருக்காக ஏற்க வேண்டும்.

தொலைபேசிக்குப் பூட்டு, கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு இரண்டும் கட்டாயம். இரண்டாவது கட்டம் குறுஞ்செய்தியாக மட்டும் இருந்தால், சிம் தொலைந்த நாளில் நாமே வெளியே நிற்போம். கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சடித்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இரண்டு வருடங்கள் தொடாத கூகுள் கணக்கு அழிக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, விலை. கட்டணச் செயலிகள் பல டொலரில் அறவிடுகின்றன. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. பணம் கட்டத் தவறினால் நமது கணக்கையே பார்க்க முடியாத நிலை வரக்கூடும். ஆகவே, கணக்கை ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடியாத செயலியில் தொடங்கவே வேண்டாம்.

தொடங்க விரும்புபவர்கள் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த 10ஆம் திகதி கணக்கு தீர்த்தபின், மிஞ்சும் நிலுவைகளை மட்டும் தொலைபேசியில் ஏற்றுங்கள். இரண்டு மாதம் கொப்பியையும் செயலியையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் ஒரே தொகையைக் காட்டினால் மட்டும் அடுத்த அடியை வையுங்கள். எழுதுவது யாராக இருந்தாலும், பிரதி ஒன்று கொடுக்க வேண்டியவர் கையிலும் இருக்கட்டும்.