கணவாய்க்கு முன் இரண்டு நாள்

லடாக்கின் லே நகரிலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை, சுமார் 40 கிலோமீட்டரில் கர்துங் லா கணவாயைத் தொடுகிறது. லே 3,500 மீட்டர் உயரம். கணவாய் 5,359 மீட்டர். 1988இல் பொது வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்தச் சாலையில், கோடை முழுக்க வாடகை மோட்டார் சைக்கிள்கள் ஏறி இறங்குகின்றன. அவற்றில் நிறைய வண்டிகள் சென்னையை ஒட்டிய ஆலைகளில் உருவான ராயல் என்ஃபீல்டு. பழகிய வண்டிதானே என்ற தெம்போடு நம் ஊர்ப் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் விசாரிப்பது எந்த வண்டி, நாள் வாடகை எவ்வளவு என்ற இரண்டைத்தான். ஆனால் கணவாயை நல்லபடியாகக் கடப்பதை முடிவு செய்வது, அதற்கு முன் லேயில் கழிக்கும் நாட்கள். அந்த நாட்களைச் சுருக்குவது ஆபத்தான சிக்கனம்.

மலை உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். கர்துங் லாவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எஞ்சின் இழுக்கும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்துவிடுவதால், வண்டியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். காற்று மெலிந்ததற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி அடையும், வண்டி திணறும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைச் சரிசெய்துவிடும். ஆனால் இல்லாத காற்றை எந்த சென்சாராலும் வரவழைக்க முடியாது. பின்னால் ஓர் ஆள், இரண்டு பக்கமும் மூட்டை என்று ஏற்றிக்கொண்டு போனால், சவுத் புல்லு சோதனைச் சாவடிக்கு மேலே உள்ள கடைசி 15 கிலோமீட்டரைப் பெரும்பாலும் முதல் இரண்டு கியரில்தான் ஏற வேண்டியிருக்கும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள், அதே காற்றைத்தான் தாங்களும் சுவாசிக்கப் போகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். டெல்லியில் விமானம் ஏறியவர் ஒன்றரை மணி நேரத்தில் லேயில் இறங்குகிறார். ஆக்சிஜன் போதாமல் மூச்சு வேகமெடுக்கிறது. அப்படி மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. உடனே உடலே மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது, தூக்கத்தில் இன்னும் அதிகமாக. முதல் இரவு தூக்கம் விட்டுவிட்டுக் கலைவதற்கு இதுவே முக்கியக் காரணம். காலையில் தலைவலியும் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இந்தச் சமநிலையை மீட்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தலைவலியைவிடப் பெரிய ஆபத்து, கணிப்பு பிசகுவதும் கை கால் தாமதிப்பதும். நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கும்போது தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்வதன் அடையாளம். தாமதிக்காமல் கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘தினமும் உடற்பயிற்சி செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பார்கள். உயர நோய்க்கு உடற்கட்டு காப்பு அல்ல. திடமானவர்கள் முதல் நாளே அதிகம் அலைந்து சீக்கிரம் படுத்துவிடுவதும் உண்டு. ‘மாத்திரை போட்டுக்கொள்வேன்’ என்பது அடுத்த பதில். அசெட்டசோலமைடு உண்மையிலேயே உதவும் மருந்து, ஆனால் அது உடல் பழகுவதை விரைவுபடுத்துமே தவிர, பழகும் நாட்களுக்கு ஈடாகாது. அதை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. அது விரல் நுனிகளில் குறுகுறுப்பை உண்டாக்கும். கையுறைக்குள் விரல் மரப்பது குளிராலா மருந்தாலா என்று ஓட்டுபவருக்கே தெரியாமல் போகலாம்.

வலுவான வாதம் வேறொன்று: உச்சியில் நிற்பது கொஞ்ச நேரம், நுப்ராவில் இரவு தங்கும் டிஸ்கிட் லேயைவிடத் தாழ்வான இடம், பிறகென்ன பயம்? இதில் நியாயம் இருக்கிறது. எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் இந்த நோயில் முக்கியம். 4,250 மீட்டரில் உள்ள பாங்காங் ஏரிக்கரையில் இரவு தங்குவது இந்தக் கணவாயைக் கடப்பதைவிட உடலுக்குக் கடினம். ஆனால் உச்சியில் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறோம் என்பது நம் கையில் இல்லை. ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டாலோ, மண் சரிந்தாலோ, ஜூலையிலும் பெய்யக்கூடிய பனி பெய்தாலோ, 5,000 மீட்டருக்கு மேல் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

லேயில் தங்கும் நாட்கள் வீணல்ல. முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அதற்குப் பிறகு, யார் யாரோ ஓட்டிய அந்த வாடகை வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறைப்படி வாடகைக்குப் பதிவான வண்டி. வெள்ளை பிளேட் என்றால் தனியார் வண்டி, விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடலாம். மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியை நுப்ராவுக்குக் கொண்டுபோக உள்ளூர் வாடகைக்காரர்கள் விடுவதில்லை என்பதால், வண்டியை லேயிலேயே எடுப்பது நல்லது. எடுத்த கையோடு கணவாய்க்குப் போகாமல், சிந்து நதியோடு ஜான்ஸ்கர் கலக்கும் நிம்மூ வரை 35 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பிரேக் பேட் தேய்ந்திருப்பதும், கிளட்ச் நழுவுவதும், செயின் தளர்ந்திருப்பதும் அந்தச் சாலையிலேயே தெரிந்துவிடும். திரும்பி வந்து வேறு வண்டி கேட்கலாம். கணவாயின் மறுபக்கம் இறங்கும்போது அந்த பிரேக்கை நம்பித்தான் உயிர். அது வடக்குச் சரிவு, வெயில் குறைவு, உறைபனி நெடுநேரம் கிடக்கும். நியூட்ரலில் விடாமல், இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும்.

நான்கு நாள்தான் லீவு என்றால் கணவாயை விட்டுவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகு சிந்து ஓரமாகத் திக்சே, ஆல்ச்சி மடாலயங்களுக்குப் போய்வரலாம். கர்துங் லா போயே தீர வேண்டும் என்றால், விமானச் சீட்டு எடுக்கும்போதே திரும்பும் தேதியை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.