எந்த ஆண்டில் வருகிறது உங்கள் வழக்கு?

2004 அக்டோபரில் சென்னையில் 5 கிலோ 250 கிராம் ஹெராயின் பிடிபட்டது. அந்த வழக்கில் 10 ஆண்டு தண்டனை பெற்ற ஒருவர், சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்று, தில்லிக்குப் போனார். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், அவர் எழுப்பிய சட்டக் கேள்வி கனமானது என்று சொல்லிப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். கூடவே தண்டனையையும் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் பத்தாண்டில் ஒன்பதுக்கு மேல் அவர் சிறையிலேயே கழித்துவிட்டார். கேள்விக்கான பதில் வந்தது 2020 அக்டோபர் 29-ல்.

‘தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற அந்தத் தீர்ப்பைத் தெரியாத குற்றவியல் வழக்கறிஞர் இன்று இருக்க முடியாது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அதிகாரி முன்னால் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று மூன்று நீதிபதிகளில் இருவர் சொன்னார்கள். நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். போலீஸ்காரரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். காக்கி போடாத அதிகாரிக்கும் அதே விதிதான் என்று தெளிவாவதற்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு 35 ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் அப்படிப்பட்ட வாக்குமூலத்தை நம்பியே எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று யாரும் எண்ணிவைத்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சட்டத்தின் கடுமையைத் தெரிந்துகொண்டால்தான் மேல்முறையீட்டின் போக்கு புரியும். ஹெராயின் 5 கிராமுக்குக் கீழே என்றால் சிறிய அளவு. 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. கஞ்சாவுக்கு 1 கிலோவும் 20 கிலோவும். வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய். நீதிபதிக்கே மனமிரங்கினாலும் பத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. பொருள் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், தெரியாமல் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. திருட்டு வழக்கிலோ கொலை வழக்கிலோ இப்படி இல்லை.

அதனால் மேல்முறையீட்டு வழக்கறிஞர் ‘என் கட்சிக்காரர் நல்லவர்’ என்று பேசிப் பயனில்லை. காகிதத்தைத்தான் தோண்ட வேண்டும். தில்லி வழக்குக் கட்டு ஒன்றைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே கதை. ரகசியத் தகவல் வந்தது. எழுதிப் பதிவு செய்து மேலதிகாரிக்கு அனுப்பினோம். பஸ் நிறுத்தத்திலோ மேம்பாலத்தடியிலோ காத்திருந்தோம். வழிப்போக்கர் நாலைந்து பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம், பெயரும் முகவரியும் சொல்லாமல் போய்விட்டார்கள். கடைசியில் சொன்ன வரி தில்லி வழக்குகளில் அச்சுவைத்ததுபோல வரும். தலைநகரத்து ஜனங்கள் இத்தனை பேரும் ஒரே மாதிரி அவசரத்தில் இருக்கிறார்கள்!

பிறகு சோதனை நோட்டீஸ். ‘மாஜிஸ்திரேட் முன்போ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்போ சோதனை செய்யச் சொல்லும் உரிமை உமக்கு உண்டு’ என்று சொல்ல வேண்டியது சட்டப்படி கட்டாயம் என்று 2010-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. ‘வேண்டாம்’ என்று கைப்பட எழுதிய பதில் யாருடைய கையெழுத்து, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த மொழி எழுதத் தெரியுமா என்றெல்லாம் குறுக்கு விசாரணையில் கேட்டு வைத்திருந்தால் மேல்முறையீட்டில் உயிர் பிழைக்கலாம். ஆனால் உடம்பில் இல்லாமல் கைப்பையில் பிடிபட்டிருந்தால் இந்த விதி உதவாது.

அடுத்து மால்கானா, அதாவது காவல் நிலையத்துச் சரக்கறை. அங்கே 19-ஆம் எண் பதிவேட்டில் பொட்டலம் எந்த நாளில் ஏறியது, ரோகிணியில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எந்த நாளில் போனது, நடுவில் சீல் யார் கையில் இருந்தது? மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்துச் சான்று வாங்கினார்களா? இதுதான் 52ஏ பிரிவு. 2000-ஆம் ஆண்டில் சென்னையில் 20 கிலோ ஹெராயின் பிடித்த வழக்கு ஒன்றில் இந்தச் சான்று இல்லை என்பதற்காகவே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தண்டனையை ரத்து செய்தது. ‘டெக்னிக்கலா தப்பிச்சுட்டான்’ என்று பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுமையைக் குற்றவாளிக் கூண்டில் இருப்பவன்மேல் ஏற்றிவிட்ட சட்டத்தில், அவனுக்கென்று மிச்சம் இருக்கும் காப்பு இந்த நடைமுறைகள்தான். 20 கிலோவைப் பிடிக்கத் தெரிந்த அதிகாரிக்கு ஒரு மாஜிஸ்திரேட்டிடம் போய் கையெழுத்து வாங்கத் தெரியாதா?

என் மனசை உறுத்துவது வேறொன்று. மேல்முறையீட்டுக்குப் பிடிமானமாக இருக்கும் சட்டமே நிலையாக இல்லை. 2008-ல் மைக்கேல் ராஜ் வழக்கில், கலப்படத்தைக் கழித்துவிட்டுச் சுத்தமான ஹெராயினை மட்டுமே எடைபோட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 4 கிலோவுக்கு மேல் பிடிபட்ட சரக்கில் அசல் ஹெராயின் சுமார் 60 கிராம்தான், தண்டனை குறைந்தது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் அது தலைகீழானது. கலவை மொத்தத்தையும் எடைபோடு என்றாகிவிட்டது. புகார் கொடுத்த அதிகாரியே புலன் விசாரணையும் செய்தால் வழக்கே செல்லாது என்று 2018 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பு. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்கு அது பொருந்தாது என்று 2019 பிப்ரவரியில் இன்னொன்று. தில்லி போதைப்பொருள் பிரிவு சம்பந்தப்பட்ட முகேஷ் சிங் வழக்கில் 2020 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அந்த 2018 தீர்ப்பே தவறு என்று சொல்லிவிட்டார்கள். ஆக, பழைய மேல்முறையீடுகளுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது சுமார் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் பட்டியலில் வந்தவருக்கு விடுதலை. அடுத்த வாரம் வந்தவருக்கு மிச்சத் தண்டனை.

52ஏ பிரிவும் அதே பாதையில்தான் போகிறது. தில்லி உயர் நீதிமன்றம் மாதிரி எடுப்பதில் தாமதம் என்று கொடுத்த ஜாமீன் உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தக் குறை ஒன்றை மட்டும் வைத்து வழக்கு சரிந்துவிடாது, மற்ற சாட்சியங்களையும் பார்க்க வேண்டும் என்றது. சட்டம் வளர்வது இயல்புதான். ஆனால் மேல்முறையீடு பல ஆண்டு கிடப்பில் இருக்கும் நாட்டில், எந்த வருஷம் அழைக்கிறார்கள் என்பதே தீர்ப்பை முடிவு செய்தால் அதை என்னவென்று சொல்வது?

காத்திருக்கும் காலத்தில் வெளியே வரலாமே என்றால், அதுவும் லேசில்லை. இந்தச் சட்டத்தில் தண்டனையை நிறுத்திவைக்கவே கூடாது என்றிருந்த பகுதியை 2000-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது உண்மை. ஆனால் வணிக அளவு வழக்குகளில் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப முகாந்திரம் இருக்க வேண்டும்; வெளியே போனாலும் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நம்ப வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பே வந்துவிட்ட ஆளைப் பற்றி இதை நம்பவைப்பது எப்படி? நடைமுறையில் உதவுவது அனுபவித்த சிறைக்காலமும், மேல்முறையீடு சீக்கிரம் முடியாது என்ற யதார்த்தமும்தான். தில்லி வழக்கு ஒன்றில் ஏழாண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தவருக்கு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விசாரணை தாமதமான காரணத்துக்காகவே ஜாமீன் தந்தது.

வீட்டில் ஒருவருக்கு இப்படித் தீர்ப்பு வந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள். சிறப்பு நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் அவகாசம். மாஜிஸ்திரேட் தண்டித்த சிறிய அளவு வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள். தீர்ப்பு நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் கணக்கில் சேராது. தண்டிக்கப்பட்டவருக்கு நகல் இலவசம். நாள் தாண்டிவிட்டாலும் காரணம் சொல்லி மனுப் போடலாம். வக்கீல் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே மேல்முறையீட்டை அனுப்ப முடியும். சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். தில்லி உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தனித்தனிக் குழு இருக்கிறது. மேல்முறையீட்டோடு தண்டனை நிறுத்திவைப்பு மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்; முதல் முறை தள்ளுபடியானால், சிறைக்காலம் கூடிய பிறகு மறுபடியும் போடலாம்.