சிறுபோகப் பயற்றுக்குப் பசளையிடலும் களைகட்டலும்

பெரும்போக நெல் அறுவடையானபின், சிறுபோக நெல்லுக்குக் குளத்து நீர் போதாதெனக் காணும் வயல்களிற் பயறு விதைத்தல் வறண்ட வலயக் கமக்காரருக்கு ஏற்றதாகும். இரண்டு மாதமளவிற் காய் முற்றிவிடும். எனினும், நெல்லுக்கு இட்டுப் பழகிய கையாற் பயற்றுக்கும் யூரியாவை அள்ளி வீசுவோர் உளர். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், பின்னர் விலை ஏறியதையும் கண்டவர்க்கு அது தகாத செலவென்பது சொல்லாமலே விளங்கும்.

பயற்றின் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. யூரியா மிகுந்தால் இம்முடிச்சுக்கள் குன்றும். செடி தழைக்குமேயன்றிக் காய் பெருகாது. அயலிலுள்ள களைகளும் கொழுக்கும். முளைத்து நான்கு கிழமையளவில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுங்கள். பிடுங்கினால் முடிச்சுக்கள் அறுந்து மண்ணிலே தங்கிவிடும். ஒரு முடிச்சை நகத்தாற் கீறிப் பார்க்கையில் உட்புறம் இளஞ்சிவப்பாயிருப்பின் அது தன் வேலையைச் செய்கின்றதென அறியலாம்.

ஆகவே ஏக்கருக்கு 14 கிலோகிராம் யூரியா, 40 கிலோகிராம் முச்சுப்பர்பொசுபேற்று, 30 கிலோகிராம் மியூரியேற்றுப் பொட்டாசு என்பன அடிக்கட்டுப் பசளையாகப் போதும். பொசுபேற்று மண்ணில் அதிகம் நகராது. ஆதலால் விதைக்குமுன் மண்ணோடு கலந்துவிடல் வேண்டும். பூக்கும் வேளையில் 12 கிலோகிராம் யூரியா மேற்கட்டாக இடலாம். இலைகள் கரும்பச்சையாய்ச் செழித்திருப்பின், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டபின் இடுவது நன்று.

களையினால் வரும் நட்டம் பெரும்பாலும் முதல் நான்கு கிழமைகளிலேயே நேர்கின்றது. செடிகள் படர்ந்து நிலத்தை மூடியபின் களை தானே அடங்கும். விதையை வீசாது, வரிசைக்கு வரிசை 30 சதமமீற்றரும் செடிக்குச் செடி 10 சதமமீற்றரும் விட்டு நட்டால் இடையிற் சிறு மண்வெட்டி செல்லும். இரண்டாங் கிழமையில் ஒருமுறையும், பூக்குமுன் மறுமுறையும் களைகட்டுக. பூத்தபின் உள்ளே நடமாடினாற் பூக்கள் உதிரும். நெல் வயலில் உதிர்ந்த நெல்மணிகளும் களையாய் முளைக்கும். அவற்றை இளமையிலேயே பிடுங்குக. கோரையை மேலாகச் செதுக்குவதாற் பயனில்லை. கிழங்கோடு எடாவிடின் சில நாட்களில் மீண்டும் தளிர்க்கும்.

நெல்லில் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினிகள் பயற்றையும் கொன்றுவிடும், ஏனெனிற் பயறும் அகன்ற இலைப் பயிரே. அவற்றைத் தெளித்த கருவியை நன்கு கழுவாது பயற்று வயலுக்குக் கொண்டுசெல்லலும் ஆகாது.