கவுன்சலர்கிட்ட போறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

போன எபிசோடில் தூக்கம் பற்றிப் பேசினோம் இல்லையா? அதைக் கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "ப்ரோ, கவுன்சலிங் போகலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறது?" நான் டாக்டர் கிடையாது, கோடு எழுதுகிறவன். ஆனால் இதில் ஒரு தப்பு பண்ணி எட்டு மாதத்தை இழந்திருக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெரிய ரிலீஸ் முடிந்த சமயம். காலையில் லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கும். அம்மா போன் பண்ணினால் எடுக்க மாட்டேன். ஒரு நாள் இணையத்தில் தேடி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கவுன்சலரிடம் 1500 ரூபாய் கட்டிப் போனேன். இருபது நிமிஷம் கேட்டார். அப்புறம், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். இதை எங்க பெரியம்மா காசு வாங்காமலே சொல்லியிருப்பாங்க.

கவுன்சலிங்னா இவ்வளவுதான் போல என்று நினைத்து, எட்டு மாதம் எங்கேயும் போகவில்லை. அதற்குள் தூக்கம் போச்சு, ஒரு நல்ல நண்பனும் போயிட்டான்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணி வருமா, அட்வான்ஸ் எவ்வளவு என்று பத்து கேள்வி கேட்கிறோம். மனசைத் திறந்து காட்டப் போகும்போது ஒரு கேள்விகூட கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் இந்த எபிசோட். புக் பண்ணும்போதே போனில் நாலு கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். ஆனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை நீங்க கேட்கலாம். கவுன்சலர் என்கிற பலகைக்குப் பின்னால் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தவரும் இருக்கலாம், சில வாரம் சர்டிஃபிகேட் கோர்ஸ் முடித்தவரும் இருக்கலாம். பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும். என்ன மாதிரி பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறார், எப்போது வேறு ஒருவரிடம் அனுப்புவார் என்பதையும் சேர்த்துக் கேளுங்க. தைராய்டு குறைந்தால்கூட சோர்வு, மனச்சோர்வு எல்லாம் வரும். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்க" என்று சொல்லத் தெரிந்தவர் நல்லவர்.

ரெண்டாவது: "நான் சொல்றது யாருக்கெல்லாம் தெரியும்?" 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சைத் தகவல் ரகசியமாக இருப்பதை உரிமையாகவே சொல்கிறது. அதில் விதிவிலக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால், இன்னொருவருக்குத் தீங்கு நேரும் என்றால், நீதிமன்றம் கேட்டால் சொல்லலாம். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். நல்ல கவுன்சலர் இதையெல்லாம் முதல் செஷனிலேயே விளக்குவார். குறிப்பு எங்கே வைக்கிறார், ரெக்கார்ட் பண்ணுகிறாரா, வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வார் என்று கேட்டுவிடுங்க. கம்பெனி தரும் இலவச கவுன்சலிங் என்றால், எச்.ஆருக்கு எந்தத் தகவல் போகும் என்பதை எழுத்தில் கேளுங்க.

மூணாவது: "தமிழில் பேசலாமா?" சின்ன விஷயம் மாதிரி தெரியும். எனக்கு இங்கிலீஷில் பேசினால் அது ஆபீஸ் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் மாதிரி ஆகிவிடும். நேத்து என்ன பண்ணேன், இன்னைக்கு என்ன, எங்கே மாட்டிக்கிட்டேன். "அப்பா முன்னாடி உட்கார முடியல" என்பது தமிழில்தான் வந்தது.

நாலாவது: "மொத்தம் எவ்வளவு ஆகும்?" ஒரு செஷன் பெரும்பாலும் 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். 1500 ரூபாய் என்றால், வாரம் ஒன்று என்று மாதம் 6000. எத்தனை செஷன் ஆகலாம், கடைசி நேரத்தில் கேன்சல் பண்ணினால் பணம் போகுமா, கட்டணம் குறைக்க வழி உண்டா என்று கேளுங்க. சிலர் குறைப்பார்கள். இன்ஷூரன்ஸை நம்பிப் போகிறீர்கள் என்றால், உங்கள் பாலிசியில் அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சைக்குப் பணம் உண்டா என்று முதலில் பாருங்க. பணமே தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இந்தக் கேள்விகளுக்கு ஒருவர் கோபப்பட்டால், அதுவே பதில்.

முதல் செஷனில் அதிசயம் எதிர்பார்க்காதீங்க. தூக்கம், சாப்பாடு, வீடு, வேலை என்று கேள்விகள்தான் அதிகம் வரும். "இதைப் பத்தி இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே வரும்போது சில சமயம் மனசு இன்னும் கனமாக இருக்கும். உடனே கிளையன்ட் கால் வைத்துக்கொள்ளாதீங்க. ஆன்லைன் என்றால் எங்கே உட்காருவது என்று யோசித்து வையுங்க. நான் மொட்டை மாடி தண்ணித் தொட்டிக்குப் பின்னால் உட்காருவேன்.

பிடிபடுகிறதா என்று தெரிய மூணு நாலு செஷன் கொடுங்க. ஆனால் சாதி, சாமி, கல்யாணம் என்று அறிவுரை ஆரம்பித்தால் அவ்வளவு பொறுமை தேவையில்லை. தன்பாலின ஈர்ப்பை "மாத்திடலாம்" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே எழுந்து வாங்க. அப்படி "குணப்படுத்தும்" முயற்சிக்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே புரிதல் வேண்டும் என்று ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் செஷன் போனார். ஒரு நீதிபதியே போய் உட்கார்ந்தார் என்றால், நமக்கு என்ன வெட்கம்?

ஒன்று முக்கியம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

எட்டு மாதம் கழித்து இன்னொருவருக்கு போன் பண்ணினேன். இந்த நாலு கேள்வியையும் பேப்பரில் எழுதி வைத்து, திக்கித் திக்கிக் கேட்டேன். அவங்க எல்லாத்துக்கும் பதில் சொல்லிவிட்டு, "கேட்டது நல்லது. வேற ஏதாவது கேட்கணுமா?" என்றாங்க. அன்றைக்கு எனக்குக் கேட்க வேற எதுவும் இல்லை. அடுத்த வாரம் போனேன். இப்பவும் போய்க்கொண்டிருக்கிறேன். அம்மா போன் பண்ணினால் எடுக்கிறேன்.