பதினான்காவது நகர்த்தல்

ஸ்ரீரங்கத்தில் நடந்த பள்ளி அணிகளின் சதுரங்கப் போட்டியில் தோற்றுத் திரும்பிய மாலை, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் எங்கள் அணித் தலைவி, "அந்த யானையை மட்டும் விடாமல் இருந்திருந்தால்!" என்றாள். அவள் ஆட்டம்தான் முடிவைத் தீர்மானித்தது. 26-ஆவது நகர்த்தலில் பறிபோன யானையே தோல்விக்குக் காரணம் என்று சத்திரம் வருவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம். இனிச் சதுரங்கமே வேண்டாம் என்றும் அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சிஸ்டர் ஆட்டக் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து ஆடிக் காட்டச் சொன்னார்கள். 14-ஆவது நகர்த்தலில் நிறுத்தி, "இங்கே என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டார்கள்.

எங்கள் திட்டம் எளியது. எதிராளி கோட்டை கட்டியதும், அந்தப் பக்கத்தில் நம் சிப்பாய்களை ஓட்டித் தாக்குவது. பலகையின் நடுப்பகுதி அடைபட்டிருக்கும் வரை அது சரிதான். ஆனால் எதிராளி நடுச் சிப்பாயைத் தள்ளி வழியைத் திறந்துவிட்டாள். எங்கள் ராஜாவோ இன்னும் புறப்பட்ட கட்டத்திலேயே நின்றார்! அப்போது தாக்குதலை நிறுத்தி, ராஜாவைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். நாங்களோ போட்ட திட்டத்தை விட மனமின்றிச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளினோம். அதன்பின் ஒரே யானை இரண்டு இடங்களைக் காக்க வேண்டியதாயிற்று. 26-இல் அது விழுந்தது. உண்மையில் 14-லேயே விழுந்துவிட்டது.

உலகப் பட்டத்துக்கான ஆட்டத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2024 நவம்பர் 25-இல் சிங்கப்பூரில் நமது சென்னை குகேஷ், சீனாவின் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். டிங் பிரெஞ்சுத் தற்காப்பை ஆட, குகேஷ் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வேகமாக முன்னே தள்ளித் தாக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் தொடக்கத்தையே மாற்றிக்கொண்டு வென்றார். நாங்கள் வியப்பது அதைவிட 13-ஆவது ஆட்டத்தைத்தான். டிங் மறுபடியும் பிரெஞ்சுத் தற்காப்பையே ஆடினார். குகேஷ் விலகி ஓடவில்லை. முதல் ஐந்து நகர்த்தல்கள் பழையபடியே சென்றன. ஆறாவதில் குதிரையை வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறுநாள், டிசம்பர் 12-இல், கடைசி ஆட்டத்தை வென்று 7½–6½ என்ற கணக்கில் 18 வயதிலேயே உலகச் சாம்பியனானார்.

இன்று கைப்பேசியில் ஆட்டத்தை இட்டால் எந்த நகர்த்தல் தவறு என்று நொடியில் சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் நாம் என்ன நினைத்தோம் என்பதை அது எப்படி அறியும்? அதனால் இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்தவுடன், கணினியைத் தொடும் முன்பே, ஒவ்வொரு முக்கிய நகர்த்தலுக்கும் எதிரே நம் எண்ணத்தை எழுதிவிடுகிறோம். "பயத்தில் ஆடினேன்", "அவள் நகர்த்தலைப் பார்க்கவே இல்லை" என்றெல்லாம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து எங்கள் தலைவி பயிற்சிக்கு வந்தாள். அதே தொடக்கத்தையே ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எதிரே அமர்ந்தவள் அதேபோல நடுவைத் திறந்தாள். தலைவி வெகுநேரம் பலகையைப் பார்த்துவிட்டுச் சிப்பாயை அப்படியே விட்டு, கோட்டை கட்டினாள். 41-ஆவது நகர்த்தலில் ஆட்டம் சமநிலை. அவளுடைய யானைகள் இரண்டும் பலகையில் இருந்தன.