11 வரி நிரல் காணாமல்போன கதை: ‘பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரி’யை நடத்துவது ஏன் இவ்வளவு சிக்கல்?

2016, மார்ச் 22. அமெரிக்காவில் மதிய நேரம். ஜாவாஸ்கிரிப்டில் வேலை பார்க்கும் டெவலப்பர்கள் பலருடைய திரையில் திடீரென ஒரே பிழைச் செய்தி: ‘லெஃப்ட்-பேட்’ என்ற பேக்கேஜைக் காணவில்லை. அப்படி ஒன்றைத் தாங்கள் பயன்படுத்துகிறோம் என்பதே அவர்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

லெஃப்ட்-பேட் செய்வது மிகச் சின்ன வேலை. ஒரு சொல்லுக்கோ எண்ணுக்கோ இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்த்து, கேட்ட நீளத்துக்குக் கொண்டுவரும். 7 கொடுத்தால் 007 என்று தரும். மொத்தமே 11 வரி. ஆனால், ‘பேபல்’ போன்ற பெரிய கருவிகள் வேறு சில பேக்கேஜ்களை நம்பியிருந்தன. அவை இதை நம்பியிருந்தன. அடியில் ஒரு செங்கல்லை உருவியதும் மேலே இருந்தவை எல்லாம் ஆட்டம் கண்டன.

சரி, அதை உருவியது யார்? அதை எழுதியவரேதான். அவரிடம் ‘கிக்’ என்ற பெயரில் இன்னொரு பேக்கேஜும் இருந்தது. அதே பெயரில் மெசேஜிங் ஆப் நடத்திய கனடா நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. அவர் தர மறுத்தார். நிறுவனம் ‘என்பிஎம்’ நிர்வாகத்திடம் போனது. பெயர் நிறுவனத்துக்கே என்று நிர்வாகம் முடிவெடுத்தது. “அப்படின்னா என் நிரல் எதுவுமே இங்கே வேண்டாம்” என்கிற கோபத்தில், தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை அவர் ஒரேயடியாக நீக்கிவிட்டார். அந்தக் கூட்டத்தில் லெஃப்ட்-பேடும் போனது.

ரெஜிஸ்ட்ரின்னா என்ன?

ஒரு நிரல்மொழியைப் பயன்படுத்துவோர் தாங்கள் எழுதிய நிரலை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும்படி பதிவுசெய்து வைக்கும் பொது இடம். பெர்ல் மொழிக்கு 1995-லேயே ‘சிபேன்’ வந்துவிட்டது. பைதானுக்குப் பைப்பிஐ, ரஸ்டுக்கு கிரேட்ஸ்.ஐஓ, ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம். தமிழ் எழுத்துகளை நிரலில் கையாள உதவும் ‘ஓப்பன்-தமிழ்’ தொகுப்பும் பைப்பிஐயில்தான் இருக்கிறது. ‘பிப் இன்ஸ்டால்’ என்று ஒரு வரி தட்டினால் போதும், வந்து சேர்ந்துவிடும்.

பலரும் இதை ஒரு குடோன் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பத்திரப் பதிவு அலுவலகம் என்பதுதான் பொருத்தம். எந்தப் பெயர் யாருடையது, எந்த வெர்ஷனில் என்ன இருந்தது, யார் யாருக்குக் கைமாறியது என்ற கணக்குதான் அதன் உயிர். கோப்புகளை வைக்க சர்வர் வாங்கிவிடலாம். வில்லங்கம் வருவதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

போட்டதை எடுக்கலாமா?

லெஃப்ட்-பேட் விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அது காணாமல்போன சில நிமிடங்களிலேயே வேறொருவர் அதே வேலையைச் செய்யும் நிரலை அதே பெயரில் ஏற்றிவிட்டார். ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. காரணம், அவர் ஏற்றியது 1.0.0 வெர்ஷன். பலருடைய புராஜெக்ட்கள் குறிப்பாக 0.0.3-ஐக் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் என்பிஎம் நிர்வாகமே பேக்கப்பிலிருந்து பழைய வெர்ஷனை எடுத்துத் திரும்ப வைத்தது. அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலியான பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை அன்று இருந்தது. அன்று எடுத்தவர் நல்லவர். வேறு யாராவது எடுத்து, உள்ளே வேறு எதையாவது வைத்திருந்தால்?

அதன்பிறகு விதி மாறியது. இன்று என்பிஎம்மில் ஏற்றிய 72 மணி நேரத்துக்குள், வேறு எந்தப் பேக்கேஜும் அதை நம்பியிருக்காவிட்டால் நீக்கலாம். அதற்குப் பிறகு கடுமையான நிபந்தனைகள். ரஸ்டில் வேறொரு வழி: ‘யேங்க்’. குறையுள்ள வெர்ஷனை யேங்க் செய்தால், புதிதாக யாரும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏற்கெனவே அந்த வெர்ஷனைக் குறித்துவைத்திருப்பவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். எழுதியவர் மனம் மாறலாம், நம்பியவன் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

பெயர் யாருக்கு?

பைப்பிஐ, கிரேட்ஸ் இரண்டிலும் முதலில் வந்தவருக்கே பெயர். எளிமையான விதி. ஆனால், பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிப் பேக்கேஜ் போடுபவர்களுக்கும் இது வசதி. அவசரத்தில் தப்பாகத் தட்டுபவர்தான் அவர்களுடைய இலக்கு. ஜாவாவின் மேவன் சென்ட்ரல் இதனால்தான் உங்கள் இணைய முகவரி உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்கிறது. பெயரின் முன்பகுதியே அந்த முகவரிதான்.

புதிதாக ஒரு மொழிக்கு ரெஜிஸ்ட்ரி தொடங்க நினைப்பவர்கள் ஜூலியா மொழியின் ‘ஜெனரல்’ ரெஜிஸ்ட்ரியைப் பார்க்கலாம். அது கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் ஒரு கோப்புத் தொகுப்பு, அவ்வளவுதான். நிரல் எழுதியவரின் இடத்திலேயே இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் இருப்பது பெயர், அடையாள எண், முகவரி, ஒவ்வொரு வெர்ஷனின் ஹேஷ் ஆகியவை. நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் காட்டிக்கொடுத்துவிடும். புதுப் பேக்கேஜ் என்றால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் ‘இந்தப் பெயர் குழப்புதே’ என்று யாரும் ஆட்சேபிக்கலாம். ஏற்கெனவே உள்ள பெயரோடு ரொம்ப ஒத்துப்போனால், தானாக ஏறாது; ஒரு மனிதர் பார்த்துத்தான் விடுவார்.

சாவி தொலைந்தால்?

2022 மே மாதம் பைப்பிஐயில் நடந்தது இது. ‘சிடிஎக்ஸ்’ என்ற பேக்கேஜ் 2014-க்குப் பிறகு தொடப்படவே இல்லை. அதை எழுதியவரின் இமெயில் இருந்த டொமைன் காலாவதியாகியிருந்தது. ஒருவர் அந்த டொமைனை வாங்கினார். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ பட்டனை அழுத்தினார். கணக்கு அவர் கைக்கு வந்தது. பிறகு ஏறிய வெர்ஷன், இன்ஸ்டால் செய்பவர்களின் கணினியிலிருந்து ரகசியச் சாவிகளைத் திருடியது. ஹேக்கிங் என்று சொல்லும்படி பெரிதாக எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் கொடுமை. பைப்பிஐயில் இப்போது இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பணமும் வேண்டும். என்பிஎம் 2014-ல் முதலீட்டாளர் பணத்தில் நிறுவனமானது. 2020-ல் கிட்ஹப் வாங்கியது. பைப்பிஐயை லாப நோக்கற்ற பைதான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. கோப்புகளை உலகெங்கும் அனுப்பும் செலவை ஃபாஸ்ட்லி நிறுவனம் நன்கொடையாக ஏற்கிறது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு ‘இன்ஸ்டாலு’க்கும் எங்கோ ஒருவர் பில் கட்டுகிறார்.

லெஃப்ட்-பேட் என்ன ஆனது? அது செய்த வேலை, ‘பேட்ஸ்டார்ட்’ என்ற பெயரில் 2017-ல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. ‘இனி அதைப் பயன்படுத்துங்கள்’ என்ற குறிப்போடு பழைய பேக்கேஜ் என்பிஎம்மில் அப்படியே இருக்கிறது. அதை இன்னமும் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.